உப்பளமும் சதுரங்கமும்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மரக்காணத்தில் இறங்குவதில்லை. பஸ் நிற்கும், ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், ஜன்னலோரத்தில் இருப்பவர், "அதோ பார், உப்பு!" என்று குழந்தைக்குக் கையை நீட்டிக் காட்டுவார், பஸ் கிளம்பிவிடும். சங்க காலத்தில் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த ஊராகத்தான் இருக்கவேண்டும் என்பது அறிஞர்கள் பலருடைய அபிப்பிராயம். ஊருக்குள்ளே சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் கொண்ட பூமீசுவரர் கோயில் இருக்கிறது. ஆந்திரக் கரையில் புறப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாய் நெடுந்தூரம் நடந்து வந்து இந்தப் பக்கத்தில்தான் ஓய்ந்து உட்காருகிறது. பக்கத்திலே கழுவெளி என்னும் பெரிய நீர்ப்பரப்பு. பனிக்காலத்தில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகின்றன. இத்தனையும் இருந்து என்ன? உப்பு என்கிற மூன்றெழுத்தில் ஊரின் பெயர் கரைந்துபோயிற்று.

அந்த உப்பளத்தைச் சற்று நின்று பார்த்தவர்களுக்குச் சதுரங்கப் பலகை நினைவுக்கு வராமல் இராது. வரப்புக் கட்டி வரிசை வரிசையாகப் பிரித்த பாத்திகள். ஒன்றில் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். அடுத்ததில் உப்புப் பூத்து வெளுத்திருக்கும். நீண்ட கோலின் நுனியில் பலகை பொருத்திக்கொண்டு, முழங்கால் மட்டும் உப்பு நீரில் நின்று வாருகிற ஆணும் பெண்ணும் அந்தக் கட்டங்களில் மெள்ள நகர்ந்துகொண்டிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். அப்புறம் தை பிறந்துதான் எல்லாம்.

2022-ஆம் வருஷம் ஜூலைக் கடைசியில், உப்பளத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம், இந்தச் சாலையில் ஓர் அதிசயம் நடந்தது. மரக்காணத்துக்கு வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரில் மாமல்லபுரம். அங்கே 44-வது சதுரங்க ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடப்பதாக இருந்த போட்டி அது. உக்ரைன் யுத்தம் மூண்டதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச் மாதத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. நாலே மாதத்தில் பந்தல் போட்டு, இலை போட்டு, உலகத்தையே விருந்துக்குக் கூப்பிட்டதுபோல் 180-க்கு மேற்பட்ட அணிகளை வரவழைத்துவிட்டார்கள். வேஷ்டி கட்டிக் கைகூப்பி நிற்கும் ஒரு குதிரை முகத்தான் சுவருக்குச் சுவர் சிரித்தான். அவன் பெயர் 'தம்பி'.

அந்த நாட்களில் ஒரு தடவை நான் மரக்காணத்தில் இறங்கினேன். சாலையோரத் தேநீர்க் கடையில் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் செல்பேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். அப்பா உப்பளத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"என்ன தம்பி, தோத்துட்டியா?" என்றேன்.

"டவர் போயிடுச்சு சார். நேரம் ஓடிப்போச்சு."

"ஆட்டம் எப்படி இருந்தது?"

"நான்தான் சார் மேல. ஒரு யானை எனக்கு அதிகமா இருந்துச்சு."

"அப்புறம் யாருக்கு ஜெயம்?"

"அவனுக்குத்தான். செல்லு அப்படித்தான் சார் சொல்லும்."

"எதிராளி எந்த ஊர்?"

"தெரியல சார். ஏதோ கொடி போட்டிருந்துச்சு."

செல்லு அப்படித்தான் சொல்லும்! அந்தப் பையன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் உப்பு கரையும் என்று அவன் அப்பா எப்படிச் சொல்வாரோ, அதே தொனியில் சொன்னான். ஆனால் அவன் சொன்ன விஷயம் சின்ன விஷயமல்ல. பலகையில் ஜெயித்துக்கொண்டிருப்பவன் கம்பியில் தோற்றால் அது தோல்வியா? இந்த வழக்குக்கு ஐம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. பெரிய பெரிய தேசங்களும் கம்பெனிகளும் இதில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றிருக்கின்றன.

கம்ப்யூட்டர்களுக்கென்றே முதலாவது உலகச் சதுரங்கப் போட்டி 1974-ல் சுவீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது. பதின்மூன்று யந்திரங்கள் கலந்துகொண்டன என்று எழுதினால் அது பாதி பொய். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியுமா? யந்திரங்கள் பல தத்தம் ஊரிலேயே இருந்தன. மனிதர்கள் மட்டும் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார்கள். எதிராளி காயை நகர்த்தியதும் டெலிபோனில் சொல்வது, யந்திரத்தின் பதிலை டெலிபோனில் கேட்டுக் காயை நகர்த்துவது, இப்படி ஆட்டம் நடந்தது. பட்டம் வென்றது சோவியத் ரஷ்யாவின் 'கைஸ்ஸா'. நாலு ஆட்டம் ஆடி நாலிலும் ஜெயித்தது. அது ஓடிய கம்ப்யூட்டர் மாஸ்கோவில் இருந்தது; செய்தது பிரிட்டிஷ் கம்பெனி! பனிப்போர்க் காலத்தில் இப்படியும் ஒரு கூட்டு. முதல் போட்டியிலேயே கம்பி வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தது யந்திரத்தின் பலம். இரண்டு மனிதர்கள் ஆடும்போது ஒருவன் மூளை பெரிது, இன்னொருவன் மூளை சிறிது என்று யாரும் ஆட்சேபிப்பதில்லை. யந்திரங்கள் ஆடும்போது? சதுரங்க ஞானம் என்பது புரோகிராமை எழுதினவனுடைய புத்தி. அதை ஓட்டுகிற யந்திரமோ பணம் கொடுத்து வாங்குவது. 1980-ல் ஜெயித்த 'பெல்', பெல் ஆராய்ச்சிச் சாலையில் சதுரங்கத்துக்கென்றே பிரத்தியேகமாகச் செய்த யந்திரம். 1983-ல் நியூயார்க்கில் ஜெயித்தது 'க்ரே பிளிட்ஸ்'. எழுதியவர்கள் மகா கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் அது ஓடியது க்ரே என்னும் சூப்பர் கம்ப்யூட்டரில். அன்றைய உலகில் அதைவிட வேகமான யந்திரம் அரிது.

க்ரே என்றதும் நம்முடைய கதை ஒன்று சொல்லியாக வேண்டும். 1980-களின் நடுவே இந்திய அரசாங்கம் பருவமழையைக் கணிப்பதற்காக அமெரிக்காவிடம் ஒரு க்ரே யந்திரம் கேட்டது. யோசித்தார்கள், யோசித்தார்கள், கேட்டதைக் கொடுக்காமல் அதைவிடச் சக்தி குறைந்த ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கும் ஆயிரம் நிபந்தனை. அந்த ரோஷத்தில்தான் 1988-ல் புனாவில் சி-டாக் என்னும் ஸ்தாபனம் தோன்றி, 1991-ல் 'பரம்' என்கிற சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்துகாட்டியது. ஒரு தேசத்தில் சர்வகலாசாலைப் பேராசிரியர் சதுரங்கம் ஆட வைத்த யந்திரத்தின் இனம், இன்னொரு தேசத்துக்கு மழை எப்போது வரும் என்று பார்ப்பதற்குக்கூட லேசில் கிடைக்கவில்லை. மழை எப்போது வரும் என்பது மரக்காணத்தாருக்குச் சோற்றுப் பிரச்னை. போட்டியில் 'எல்லோரும் கலந்துகொள்ளலாம்' என்று விளம்பரம் போட்டிருந்தால் மட்டும் போதுமா?

பணக்கார யந்திரம் எப்போதுமே ஜெயித்தது என்றும் சொல்வதற்கில்லை. 1992-ல் மாட்ரிட் நகரில் எட் ஷ்ரோடர் என்ற டச்சுக்காரரின் புரோகிராம், சாதாரணக் கம்ப்யூட்டரில் செருகும் ஒரு சின்னப் பலகையில் ஓடி, பெரிய யந்திரங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிப் பட்டம் வாங்கியது. 1995-ல் ஹாங்காங்கில் இன்னும் வேடிக்கை. ஐ.பி.எம். கம்பெனி, பிற்பாடு காஸ்பரோவையே வீழ்த்தப்போகிற 'டீப் புளூ'வின் முன்னோடியை நிறுத்தியிருந்தது. யந்திரம் அமெரிக்காவில்; ஆட்டம் ஹாங்காங்கில். 'ஃப்ரிட்ஸ்' என்கிற கடைச்சரக்குப் புரோகிராம், எவரும் வாங்கக்கூடிய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டு, அதைத் தோற்கடித்துவிட்டது. அந்த ஆட்டத்தின் நடுவிலும் கம்பி ஒரு தடவை அறுந்தது. மறுபடி இணைத்துத்தான் ஆடினார்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி யந்திரம் கொடுத்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடாதா என்று நேயர்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் 'ரிப்கா' பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு வந்து ஜெயித்தது. அடுத்த வருஷம் ஸ்பெயினில் பாம்ப்லோனாவில், எட்டு மையங்களுக்கு மேற்பட்ட யந்திரம் கூடாது என்று விதி போட்டார்கள். அதற்கும் ரிப்காவே ஜெயித்தது! "யந்திரத்தைப் பெருக்குவதும் ஒரு வித்தைதானே, அதை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று ஒரு கட்சி கிளம்பிற்று. ஆகவே 2010-ல் இரண்டு போட்டிகளாகப் பிரித்தார்கள்: ஒன்றில் இஷ்டப்பட்ட யந்திரம், இன்னொன்றில் எல்லோருக்கும் ஒரே யந்திரம். இரு கட்சியிலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நேரில் வந்து உட்கார்ந்து ஆட்டத்தை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இருந்துகொண்டே வந்தது. விமானச் சத்தம், ஓட்டல் செலவு, விசா! விதியில் எட்டு மையம் என்று எழுதலாம். பாஸ்போர்ட்டை எந்த விதியில் சமப்படுத்துவது?

அந்த ரிப்காவின் முடிவு சோகமானது. 2011-ல் சர்வதேசச் சங்கத்தார் விசாரித்து, அதில் 'ஃப்ரூட்', 'க்ராஃப்டி' என்ற வேறு இரு புரோகிராம்களின் சரக்கு இருக்கிறது என்று முடிவு செய்து, நாலு வருஷப் பட்டங்களையும் பறித்துவிட்டார்கள். எழுதியவர் குற்றச்சாட்டை மறுத்தார். இது இங்கே எனக்கு முக்கியமில்லை. ஃப்ரூட் புரோகிராமைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் 2005-ல் உள்ளும் புறமும் தெரியும்படி உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார் என்பதுதான் முக்கியம். திறந்த கிணற்றில் எல்லோரும் மொள்ளலாம். ஆனால் மொண்டவன் தன் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லக்கூடாது. அந்த வழக்கின் சாரம் இவ்வளவே.

திறந்த கிணறுகளிலே பெரியது 'ஸ்டாக்ஃபிஷ்'. 2008-ல் தோன்றியது. நார்வேக்காரர் ஒருவருடைய புரோகிராமை அடிப்படையாகக் கொண்டு இத்தாலிக்காரர் ஒருவர் வளர்த்ததால் அந்தப் பெயர் வந்தது. ஸ்டாக்ஃபிஷ் என்றால் நார்வேக் கரையில் உப்பே போடாமல் குளிர்காற்றில் உலர்த்துகிற கருவாடு. (உப்பில்லாத கருவாடா என்று மரக்காணத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.) உலக சாம்பியனையும் மிஞ்சி ஆடும் இந்தப் புரோகிராமைக் காலணாச் செலவில்லாமல் எவரும் எடுத்துக்கொள்ளலாம். தேநீர்க் கடைப் பையனுடைய செல்பேசியிலும் அது ஓடும். 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐ.பி.எம். கம்பெனி கொட்டிய பணம் எவ்வளவு! 2017 டிசம்பரில் கூகிளைச் சேர்ந்த 'ஆல்பாஸீரோ' இதனுடன் நூறு ஆட்டம் ஆடி, 28 ஜெயித்து, 72 டிரா செய்து, ஒன்றுகூடத் தோற்கவில்லை. உடனே பழைய வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது: ஆல்பாஸீரோ ஓடியது வெளியில் கிடைக்காத விசேஷச் சில்லுகளில், ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த நினைவகமோ மிகக் குறைவு. பந்தயத்தை நடத்தியதும் ஒரு கட்சிக்காரரே! ஆனாலும் அடுத்த வருஷமே தொண்டர்கள் சிலர் சேர்ந்து, ஆயிரக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தை இரவல் வாங்கி, 'லீலா' என்று அதே முறையில் இன்னொன்றை வளர்த்தெடுத்தார்கள். கம்பெனி பூட்டிவைத்ததை ஊர் கூடித் திறந்த கதை இது. எனக்கு மிகவும் பிடித்த கதை.

யந்திரத்தை விட்டு மனிதர்களிடம் வருவோம். பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்று ஒரு சுவாமி இருக்கிறார். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத ராஜகுமாரியைச் சிவபெருமான் வேஷம் மாறி வந்து ஆடி ஜெயித்து மணந்துகொண்டதாக ஸ்தல புராணம். பக்தர்கள் மன்னிக்கவேண்டும், இன்றைய சர்வதேச விதிப்படி அது செல்லாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். 1770-ல் வியன்னாவில் கெம்பலன் என்பவர் ஒரு துருக்கி பொம்மையைச் சதுரங்கம் ஆட வைத்து ஐரோப்பாவையே மயக்கினார். பெட்டிக்குள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருந்தான். இப்போது பெட்டி மனிதனுக்குள் ஒளிந்துகொள்கிறது. 2006-ல் டில்லியில் ஓர் ஆட்டக்காரர் தொப்பிக்குள் கம்பியில்லாக் கருவி வைத்திருந்து பிடிபட்டார். பத்து வருஷம் தடை.

நேர்மையாக ஆடுகிறவனுக்கும் யந்திரம் வேண்டியிருக்கிறது. 2010-ல் ஸோஃபியா நகரில் நம் விசுவநாதன் ஆனந்துக்கும் பல்கேரிய வீரர் டோபலோவுக்கும் உலகப் பட்டப் போட்டி. டோபலோவின் சொந்த நாடு, சொந்த ரசிகர்கள். பயிற்சிக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் உதவி வேறு இருந்ததாகச் செய்தி. ஆனந்த் கிளம்பும் சமயம் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் விமானங்கள் எல்லாம் நின்றுபோயின. ஃப்ராங்க்பர்ட்டிலிருந்து ஸோஃபியாவுக்குத் தரை வழியாகவே நாற்பது மணி நேரம் பிரயாணம். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் தோல்வி. கடைசியாகப் பன்னிரண்டாவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடி ஜெயித்து, 6½-க்கு 5½ என்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். ஜெயித்ததால் இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். தோற்றிருந்தால் அந்த இரண்டு நாளைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

இனி 2020. கொரோனா வந்து உலகம் வீட்டுக்குள் அடைபட்ட வருஷம். ஒலிம்பியாட் நேரில் நடத்த முடியாது என்றதும், சரித்திரத்தில் முதல் தடவையாக இணையத்தில் நடத்தினார்கள். 163 அணிகள். விசா வேண்டாம், விமானம் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து ஆடலாம். ஏழைத் தேசத்துக்கும் கதவு திறந்துவிட்டது என்று நான்கூடச் சந்தோஷப்பட்டேன். பதினைந்து நிமிஷ ஆட்டம். இணைப்புக்கு அவரவரே பொறுப்பு என்று விதி.

ஆகஸ்டு 28. கால் இறுதி. இந்தியாவும் ஆர்மீனியாவும். நம் நிஹால் சரீனோடு ஆடிக்கொண்டிருந்த ஹைக் மார்டிரோசியனுடைய இணைப்பு துண்டித்துப்போயிற்று. கடிகாரம் காத்திருக்குமா? நேரம் ஓடி அவர் தோற்றார். அந்தப் புள்ளியால் அந்தச் சுற்று இந்தியாவுக்கு. தங்கள் பக்கத்து இணையம் சரியாகத்தான் இருந்தது, கோளாறு ஆட்டம் நடந்த தளத்தில்தான் என்று ஆர்மீனியர்கள் முறையிட்டார்கள். முறையீடு தள்ளப்பட்டது. அவர்கள் அடுத்த சுற்று ஆட மறுத்து வெளியேறிவிட்டார்கள். ஆர்மீனியா மிகச் சிறிய தேசம். பள்ளிக்கூடத்தில் சதுரங்கத்தைப் பாடமாக வைத்திருக்கும் தேசம். மூன்று தடவை ஒலிம்பியாட் தங்கம் வாங்கிய தேசம். அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டே நாள். ஆகஸ்டு 30, இறுதிப் போட்டி, இந்தியாவும் ரஷ்யாவும். முதல் சுற்று 3-3. இரண்டாவது சுற்றில் நிஹால் சரீனுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்தது. இருவரும் நேரத்தில் தோற்றார்கள். ரஷ்யா ஜெயித்ததாகப் பலகையில் எழுதியாயிற்று. இந்தியா முறையிட்டது. அன்று உலகத்தின் பல பாகங்களிலும் இணையச் சேவையில் பெரிய கோளாறு நேர்ந்திருந்தது. சம்மேளனத் தலைவர் த்வொர்கோவிச் இரு தேசங்களுக்கும் தங்கத்தைப் பகிர்ந்து கொடுத்தார். அவரும் ரஷ்யர் என்பதை நாம் மறக்கக்கூடாது. தன் தேசத்தின் முழுத் தங்கத்தைப் பாதியாக்கினார்.

தீர்ப்பு சரிதானா? ஒருவர் வீட்டில் கம்பி அறுவதற்கும் உலகம் முழுவதும் அறுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று வாதிக்கலாம். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அறுந்த கம்பிக்கு ஒரு நியாயம், ஞாயிற்றுக்கிழமை அறுந்த கம்பிக்கு ஒரு நியாயம் என்று யெரெவானில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? நாம் தங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் முழுக்க வாழ்த்தினோம், ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்த அணியல்லவா? முறையிட ஒரு சம்மேளனமும் கேட்க ஒரு தலைவரும் இருந்தார்கள். மரக்காணத்துப் பையனுக்கு செல்லு சொல்வதுதான் தீர்ப்பு.

யந்திரமே இல்லாவிட்டால் என்ன, திறமை இருந்தால் போதாதா என்று சிலர் குகேஷை உதாரணம் காட்டுகிறார்கள். சென்னைப் பையன், 2022 ஒலிம்பியாடில் முதல் பலகையில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்துத் தங்கம் வாங்கியவர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டாவது வயதில் உலக சாம்பியன் ஆனவர். அவருடைய குரு விஷ்ணு பிரசன்னா, தரப்புள்ளி 2500-ஐத் தாண்டும்வரையில் யந்திரத்தைத் தொடவிடாமலே பயிற்சி கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் விரதம் வேறு, பட்டினி வேறு. யந்திரத்துக்குப் பதிலாக அவருக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர் கூடவே இருந்தார். ஊர் ஊராக அழைத்துப்போக வேலையை விட்டுவிட்ட தகப்பனார் இருந்தார். ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கிடைக்கும், இது கிடைக்குமா?

மாமல்லபுரத்துக்கு ஆர்மீனியர்களும் வந்திருந்தார்கள். அவர்களுடைய முதல் பலகை வீரரான அரோனியன் அமெரிக்காவுக்குப் போய்விட்டதால் பலர் அந்த அணியைப் பெரிதாக எண்ணவில்லை. ஆறாவது சுற்றில் ஆர்மீனியாவும் இந்தியாவின் முதல் அணியும் எதிரெதிரே உட்கார்ந்தன. மரப் பலகை, மரக்காய், மேஜைமேல் கடிகாரம். நடுவில் கம்பி கிடையாது. ஆர்மீனியா ஜெயித்தது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மீனியாவுக்கு வெள்ளி, இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம் என்று முடிந்தது. ஆகஸ்டு 9-ஆந்தேதி பதக்கங்களை வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊர் திரும்பினார்கள். மரக்காணத்தில் மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது, உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.